டீச்சர் கேட்ட தோல்

எழுதுங்கள் என்று கேட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். சும்மா, உங்கள் அனுபவத்தை என்றார்கள். சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நடந்ததைத்தான் எழுதுகிறேன், அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

நான் கொல்லிமலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். சோளக்காட்டில் பஸ் இறங்கி நடந்தால் வந்துவிடலாம், அவ்வளவு போதும். நான் படித்தது அஞ்சாவது. எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் காசு வருவது இந்த வேலையில் மட்டும்தான். மிளகு காய்த்தால் உண்டு, காய்க்காவிட்டால் இல்லை. மரவள்ளி, காட்டுப்பன்றி தின்றது போக மிச்சம். இந்த வேலை போனால் என்ன ஆகும் என்று நான் உட்கார்ந்து யோசித்ததில்லை. யோசிக்காமலே தெரியும்.

காய் கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி வரும். மூட்டையை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரிய சார் வைத்துக்கொள்வார். பெரிய சார் என்றால் ஹெட்மாஸ்டர். அன்றன்றைக்கு வேண்டியதைக் காலையில் அவர்தான் எடுத்துக் கொடுப்பார். சமையல் விஷயத்தில் அவருக்கும் மேலே சத்துணவு அமைப்பாளர். மூன்று பள்ளிக்கூடத்துச் சமையலுக்கும் அவர்தான் பொறுப்பு. வெள்ளிக்கிழமை பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவார். என் வேலை அவர் வாயில் இருக்கிறது.

காய் சீவுவதில் எனக்கு ஒரு பழக்கம். சீவ மாட்டேன், கத்தியின் முதுகால் சுரண்டுவேன். முள்ளங்கி, கேரட், பீட்ரூட் எதுவானாலும் அப்படித்தான். மண் போகும், மேல்தோல் போகும், சதை போகாது. இங்கிலீஷ் காய் எல்லாம் எங்களுக்குக் கீழேயிருந்து வருவது. அதைத் தடியாகச் சீவி எறிய எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருக்கும் கை வராது. வெங்காயத்திலும் காய்ந்த சருகு மட்டும்தான் உரிப்பேன். அத்தனை பிள்ளைகளுக்குச் சமைத்து முடித்தாலும் தோல் ஒரு முறத்துக்குக் காணாது. அதைக் கொண்டுபோய்ப் பின்னால் குப்பைக்குழியில் போடுவேன். குழி நிரம்பினால் பப்பாளி மரத்துக்கு எரு. அதுவரை என் தோலை யாரும் கேட்டதில்லை.

மழைக்காலத்தில் ஓவிய டீச்சர் வந்தார். நாகர்கோவில் பக்கம். சின்ன வயசு. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மட்டும் வருவார். சோளக்காட்டில் ரூம். நகக்கண்ணில் எப்போதும் ஏதோ ஒரு சாயம் இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து, வாரத்தில் பாதி நாள் வேலைக்கு, எழுபது வளைவு ஏறி ஒருத்தர் வருவாரா என்று எனக்கு முதலிலேயே ஒரு இது இருந்தது.

ஒரு புதன்கிழமை சமையல்கட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தார். முன்வாசல் திறந்துதான் இருந்தது.

"அக்கா, இந்த வெங்காயத் தோலை இனிமே குழியில போடாதீங்க. காய்த் தோல் எல்லாத்தையும் ஒரு வாளியில சேர்த்து வைங்க. நான் எடுத்துக்கிறேன்."

"எதுக்குங்க டீச்சர்?"

"மை காய்ச்சப் போறேன். பிள்ளைங்க படம் வரையுறதுக்கு."

"மை பேனாவுக்குள்ளயே இருக்குதுங்களே."

அவர் சிரித்தார். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

நீல வாளி ஒன்றைக் கொடுத்தார். வைத்தேன். டீச்சர் கேட்டு இல்லை என்று சொல்ல முடியாது. சமையல் முடிந்ததும் தணலை அணைக்க வேண்டாம் என்றார். சோறு கேஸில், தண்ணீர் காய்ச்ச விறகு அடுப்பு. அந்த அடுப்பில் ஒரு பழைய அலுமினியச் சட்டியை வைத்துத் தோலை வேகவிடுவார். தண்ணீர் பாதியாக வற்றும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு வேட்டித் துணியில் வடிகட்டுவார். ஒரு சிட்டிகை படிகாரம் போடுவார். ஊறவைத்த பிசினைக் கலக்குவார். பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு கிராம்பு. வெங்காயத் தோலில் வந்தது நல்ல மஞ்சள், கொஞ்சம் செம்மண் கலந்த மாதிரி. துரு ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டு ஒரு பாட்டில் வைத்திருந்தார். அந்த ஆணித்தண்ணீரைச் சொட்டுவிட்டால் மஞ்சள் பாசி நிறமாக மாறும். கண்ணெதிரே மாறும். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் அதைத் தொட்டுப் படம் வரைந்தார்கள். சுவரில் ஒட்டினார்கள். பீட்ரூட் சிவப்பு மட்டும் கொஞ்ச நாளில் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. நிற்காத மைக்கு இவ்வளவு பாடு படுவாரா ஒருத்தர். அப்படி நினைத்தேன்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "இன்னைக்கு எத்தனை கிலோ வெங்காயம் போட்டீங்க அக்கா?"

எதற்கு என்று கேட்டால் சும்மா என்றார்.

அதற்கடுத்து பையிலிருந்து ஒரு சின்னத் தராசு எடுத்தார், கண்ணாடித்தட்டு வைத்தது, நம்பர் ஓடுவது. வாளியிலிருந்த தோலை அதில் வைத்து நிறுத்தார். தண்ணீர் அளவு தெரிய வேண்டும் என்றார். குப்பையை நிறுத்துப் பார்ப்பவரை அதுவரை நான் கண்டதில்லை.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்று சொன்னார். மலையின் அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவளை நிறுத்திவிட்டார்களாம். மேலேயிருந்து பார்க்க வந்த அதிகாரி சாம்பாரைத் தொடவே இல்லையாம். நேராகக் குப்பைக்குழிக்குப் போய்க் குச்சியால் கிளறினாராம். தோல் இவ்வளவுதான் இருக்கிறது, அப்படியானால் காய் எவ்வளவு போட்டிருப்பாய் என்று கேட்டாராம். உண்மையோ பொய்யோ தெரியாது. பஸ்ஸில் பேசிக்கொண்டது.

"உன்ற டீச்சரும் அதுக்குத்தான் வந்திருக்குது. மை கிய்யெல்லாம் வெறும் பேச்சு" என்றார்.

எனக்கும் அதுதான் பட்டது. யாரோ அனுப்பியிருக்கிறார்கள். தோலை நிறுத்தால் காய் தெரியும். நான் போட்ட காய் சரிதான். ஒரு வெங்காயம்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆனால் நான் சுரண்டுகிற தோல் மற்றவர்கள் சீவுகிற தோலில் கால்வாசி இருக்காது. தராசுக்கு அது தெரியுமா. தோல் கம்மி, காய் கம்மி என்றுதான் அது சொல்லும்.

தடியாகச் சீவலாம் என்று ஒரு நாள் பார்த்தேன். கை போகவில்லை. சதையோடு விழுவதைப் பார்க்க முடியவில்லை. அது பிள்ளைகள் தின்பது.

அதனால் வேறு வழி பார்த்தேன். வீட்டுச் சின்ன வெங்காயத் தோலை ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய், யாரும் வருவதற்கு முன்னால் வாளியில் கொட்டினேன். அது போதவில்லை. எங்கள் வீட்டில் என்ன வெங்காயம் செலவாகிவிடும்.

சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்தில் என் தம்பி சின்ன ஓட்டல் வைத்திருக்கிறான். சந்தைக்கு வருகிறவர்கள் சாப்பிடுவார்கள். அவனிடம் போய்க் காய்த்தோல் வேண்டும் என்றேன்.

"மாட்டுக்கா?"

"இல்ல."

"உன்ற ஊட்டுல மாடே இல்லியேக்கா. பன்னி கின்னி வாங்கீட்டயா?"

"குடுக்கறயா, இல்லயா."

கொடுத்தான். வாளியோடு அப்படியே கொடுத்தான். நான் பையில் திணித்துக்கொண்டேன். பிறகு தினமும் காலையில் அவன் கடை வழியாகத்தான் போனேன். என்னைக் கண்டதும் ஓட்டலில் உட்கார்ந்திருப்பவர்களிடம், எங்கக்கா தோல் வசூலுக்கு வந்தாச்சு, எலையைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க என்பான். நான் நின்று பேசுவதில்லை.

தோல் கூடியது. டீச்சர் முகம் மலர்ந்தது. "இந்த வாரம் நிறைய இருக்கே அக்கா."

"ஆமாங்க டீச்சர்."

அவர் தராசில் வைத்தார். நம்பர் ஓடியது. நிம்மதியாக இருந்தது. ஏமாற்றினேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். நான் போட்ட காய்க்கு ஏற்ற தோலைக் காட்டினேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் செவ்வாய்க்கிழமை பெரிய சார் பீட்ரூட் எடுத்துக் கொடுத்தார். வந்ததே அவ்வளவுதான், எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டுவிடு என்றார். போட்டேன். பிள்ளைகள் வாயெல்லாம் சிவந்து கிடந்தது. மறுநாள் புதன். முள்ளங்கி சாம்பார். காலையில் தம்பி கடையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு வந்தேன். லேட்டாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாளியில் கவிழ்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

மதியம் டீச்சர் வாளியைப் பின்பக்கம் எடுத்துக்கொண்டு போனார். பெரிய சார் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ அந்தப் பக்கம் வந்தார். வாளியைப் பார்த்தார். நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

வாளிக்கு மேலே பீட்ரூட் தோல் கிடந்தது. தடித்தடியான தோல். தம்பி கடையில் அன்றைக்குப் பீட்ரூட் பொரியல்.

"ஏம்மா, இன்னைக்கு என்ன சாம்பார்?"

"முள்ளங்கிங்க."

"அப்ப இது?"

நான் முந்தானையில் கையைத் துடைத்தேன்.

"நேத்தே எல்லாத்தையும் போட்டுட்டேன்னு சொன்னே. நேத்து தோலா இருந்தா இந்நேரம் சுருங்கியிருக்கும். இது ஈரம்கூடக் காயல. தோல் இங்க இருக்கு, காய் எங்கே?"

காய் சோளக்காட்டில் யார் யார் வயிற்றிலோ இருந்தது. அதைச் சொன்னால் தோல் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். டீச்சரை உளவு என்று நினைத்தேன் என்று டீச்சர் எதிரே சொல்ல வேண்டும். சொன்னாலும் யார் நம்புவார். காயைத் திருடுவார்கள். தோலைச் சுமந்துகொண்டு வந்து கொட்டுவார்களா.

வெள்ளிக்கிழமை அமைப்பாளர் வருவார், அவரிடம் சொல்லிக்கொள் என்றுவிட்டுப் பெரிய சார் போனார்.

டீச்சர் அங்கேயேதான் நின்றார். எல்லாவற்றையும் கேட்டார். வாளிக்குள் கையை விட்டு, பீட்ரூட் தோலைத் தனியாகவும் வெங்காயத் தோலைத் தனியாகவும் பிரித்தார். சட்டியை அடுப்பில் வைத்தார். வேலை முடிந்துவிட்டது அவருக்கு, அனுப்பியவர்களிடம் சொல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். பாத்திரம் கழுவிவிட்டுச் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, நான் வந்து சொல்கிறேன் என்றான்.

"நீ வர வேண்டாம்."

"ஏன்?"

"அக்கா திருடி உன்ற கடைக்குக் காய் கொடுத்தாள்னு திருப்புவாங்க."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. நான் நினைத்துப் பார்த்திருந்தேன். "தோலைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல போட்டு மாட்டிக்கிட்டவ நீ ஒருத்திதாக்கா" என்றான். டீ கொடுத்தான். குடிக்காமல் வந்தேன்.

வெள்ளிக்கிழமை அமைப்பாளர் வந்தார். பெரிய சார் ரூமில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய சார் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அமைப்பாளர் என்னைப் பார்த்து, இத்தனை வருஷம் ஒரு பேச்சும் வரவில்லையே உன்மேல் என்றார். அந்த மாதிரி ஆரம்பித்தால் அடுத்தது என்ன வரும் என்று தெரியும். வேறு ஆள் பார்க்கட்டுமா என்றுதான் வரும்.

அப்போது டீச்சர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு பாட்டில். மேஜையில் வைத்தார்.

"சார், இது புதன்கிழமை காய்ச்சின வெங்காயத் தோல் மை. ஆணித்தண்ணி விட்டா பாசி நிறமாத்தான் வரணும். எப்பவும் அப்படித்தான் வரும். இது கரி மாதிரி கறுத்துப் போச்சு."

அமைப்பாளருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"வடிகட்டின துணியை விரிச்சுப் பார்த்தேன். டீத்தூள். தோல் பூரா ஒட்டிக் கிடந்தது. டீத்தூள் இருந்தாத்தான் இரும்போட சேர்ந்து இப்படிக் கறுக்கும். நம்ம சமையல்கட்டுல டீ போடுறாங்களா சார்?"

போடுவதில்லை. பெரிய சாருக்கே டீ பிளாஸ்கில் வீட்டிலிருந்து வருகிறது. தம்பி கடையில் அன்றைக்கு டீச்சக்கையையும் தோல் வாளியிலேயே தட்டியிருக்கிறார்கள்.

"அப்ப அது நம்ம காய்த் தோல் இல்ல. வெளியிலேர்ந்து வந்தது" என்றார் டீச்சர்.

அமைப்பாளர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யார் கொண்டாந்தது?"

"நானுங்க."

"எங்கிருந்து?"

"சோளக்காட்டு ஓட்டல்லிருந்துங்க."

"எதுக்கும்மா?"

"என்ற தோல் கம்மியா இருந்துச்சுங்க."

பெரிய சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் சொன்னேன். தராசையும் சொன்னேன், எத்தனை கிலோ என்ற கேள்வியையும் சொன்னேன், குழியைக் குச்சியால் கிளறிய கதையையும் சொன்னேன். டீச்சரைப் பார்க்காமல் சொன்னேன். இத்தனை பேச்சை நான் ஒரே மூச்சில் பேசியது அன்றைக்குத்தான்.

அமைப்பாளர் சமையல்கட்டுக்கு வந்தார். ஒரு முள்ளங்கியைக் கையில் கொடுத்துச் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன். தட்டில் விழுந்ததைக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார், விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

நம்பினார் என்று தெரிந்தது. ஆனால் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "இப்படிச் சொரண்டிக்கிட்டு இருந்தா சாப்பாடு எப்ப ஆகும்? அதான் இங்க மணி அடிச்சும் சோறு எறங்கறதில்ல" என்றார். அதுவும் ஒரு குறை. ஏற்றுக்கொண்டேன். வேலை போகவில்லை.

போகும்போது ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனார். இனிமேல் நான் தனியாகக் காய் நறுக்கக் கூடாது. ஒரு டீச்சர் கூட உட்கார வேண்டும். ஓவிய டீச்சர், தோல் எனக்குத்தானே வேண்டும், முடிந்த நாளெல்லாம் நானே உட்காருகிறேன் என்றார்.

அவர்கள் போன பிறகு சமையல்கட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். டீச்சர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார்.

"என்னை உளவுன்னு நெனச்சீங்களா அக்கா?"

"ஆமாங்க."

"இப்ப?"

நான் பருப்பைக் கடைந்தேன். அவர் என்னைக் காப்பாற்றினார், அது உண்மை. ஆனால் எப்படிக் காப்பாற்றினார். துணியை விரித்துப் பார்த்தேன் என்றார். தோலில் டீத்தூள் ஒட்டிக் கிடந்தது என்றார். நான் நினைத்ததும் அதைத்தானே. வாளியை அவர் கிளறித்தான் பார்த்திருக்கிறார். புதன்கிழமையே தெரிந்தும் வெள்ளிக்கிழமைவரை வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். மை காய ஒரு நாள் ஆகும், காய்ந்தால்தான் நிறம் உறுதியாகத் தெரியும் என்றார். இருக்கலாம்.

அந்தக் கறுப்பு மையைப் பிள்ளைகள் விடவில்லை. டீச்சர், அந்தக் கறுப்பு, அந்தக் கறுப்பு என்று கேட்டார்கள். அவர் செய்ததில் அதுதான் வெளுக்காமல் நின்றது. இப்போது டீச்சரே தம்பி கடைக்குப் போய் டீச்சக்கை வாங்கிக்கொண்டு வருகிறார். அவன் அவரிடமும் மாட்டுக்கா என்றுதான் கேட்டிருக்கிறான்.

காலையில் டீச்சர் வந்தால் எனக்கு எதிரே பலகை போட்டு உட்காருகிறார். அவரும் கத்தி எடுத்துக்கொண்டார். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, உதவி செய்கிறேன் என்றார். முதல் நாள் நான் கவனிக்கவில்லை. வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பார்த்தேன். பீட்ரூட்டைச் சீவிக்கொண்டிருந்தார். தோல் என்று விழுந்ததில் பாதி சதை. விரல் தடிமன். அது சட்டிக்குப் போகாமல் நீல வாளிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மெல்லிசா சீவுங்க டீச்சர்."

"கொஞ்சம் சதை சேர்ந்தாத்தான் அக்கா நிறம் நல்லா வரும்."

"புள்ளைக திங்கறதுங்க அது."

அவர் சரி என்றார். அடுத்த பீட்ரூட்டையும் அதே மாதிரிதான் சீவினார். நான் அவர் கையிலிருந்து பீட்ரூட்டை வாங்கினேன். வெங்காயக் கூடையை அவர் பக்கம் தள்ளினேன். வெங்காயத்தில் எடுத்துக்கொள்ளட்டும், சருகை மட்டும்.

கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டுதான் உரித்தார். ஆனாலும் நான் இப்போது வாளியை அப்படியே கொடுப்பதில்லை. ஒரு குச்சி வைத்திருக்கிறேன். கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். சதை இருந்தால் எடுத்துக் கழுவிச் சாம்பாரில் போட்டுவிடுவேன்.